கருஞ்சீரக எண்ணெயா, விதையா, மாத்திரையா? அண்ணனின் சிறுநீரகத்துக்காகப் போட்ட கணக்கு

டெல்லி மயூர் விஹாரில் அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் மூன்று குப்பிகள் வரிசையாக நின்றன. ஒன்று கருஞ்சீரக எண்ணெய், 200 மில்லி, 600 ரூபாய். இரண்டாவது பட்டைப் பொடி. மூன்றாவது கட்டைவிரல் அளவுக் கிராம்புத் தைலம். பல்வலிக்கு எப்போதோ வாங்கியது, அதற்கும் இப்போது புது வேலை கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு காகிதப் பை. டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரை அதற்குள், அட்டை பிரிக்கப்படாமல்.

அண்ணனுக்கு வயது 61. சர்க்கரை வந்து 16 வருடம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பி.பி.க்கு டெல்மிசார்ட்டன் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 90 என்று வந்தது. ஆல்புமின் ரத்தத்துப் புரதம், கிரியாட்டினின் சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு. 30-க்குள் இருக்க வேண்டியது. ரத்தத்தில் கிரியாட்டினின் நல்ல எண்ணாகவே இருந்ததால் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரத்தக் கிரியாட்டினின் தாமதமாக மணியடிக்கிற ஆசாமி. சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பெரும்பாலும் ஏறத் தொடங்கும். சிறுநீரில் புரதம் கசிவதுதான் முன்கூட்டியே வரும் சேதி.

காலையில் பூங்காவில் கூட நடக்கிறவர் ஒருவர், "கிட்னிக்குக் கலோஞ்சி தைலம்தான், எத்தனையோ ஆராய்ச்சி வந்தாயிற்று" என்று சொல்லியிருக்கிறார். கலோஞ்சி என்றால் இங்கே கருஞ்சீரகம். அண்ணன் மறுநாளே மெட்ரோ பிடித்து, ராஜீவ் சௌக்கில் மாறி, காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். "மாத்திரை எங்கே ஓடிப்போகிறது? மூன்று மாதம் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் அதற்குப் போகலாம்" என்பது அவர் கட்சி. அண்ணி மாத்திரைக் கட்சி. நடுவில் நான். "நான் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறேன், அதுவரை சண்டை போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று அந்த நண்பர் சொன்னது பொய்யில்லை. நிறையவே வந்திருக்கிறது. ஆனால் என்ன வந்திருக்கிறது, யாருக்கு வந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். டெல்லியில் 'காலா ஜீரா' என்று கேட்டால் மெலிந்து வளைந்த, கோடு ஓடிய பழுப்பு விதை வரும். பிரியாணி வாசனைக்குப் போடுகிற சரக்கு அது. நம் கருஞ்சீரகம் இங்கே கலோஞ்சி: பளபளப்பில்லாத கறுப்பு, மூன்று முனை, சொரசொரப்பு. 'நான்' ரொட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான். ஆனால் சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளிக் கடைக்குப் போய் 'காலோ ஜீரே' கேட்டால் கலோஞ்சியையே எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பெயருக்கு இரண்டு சரக்கு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கருஞ்சீரகம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, பிள்ளை பெற்றவளுக்கு லேகியத்தில் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண்ணெயாக வாங்கினால் அந்த வாய்ப்பும் இல்லை.

எண்ணெயிலும் இரண்டு வகை. செக்கில் ஆட்டியது ஒன்று, ஆவியில் வடித்த வாசனைத் தைலம் மற்றொன்று. விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கும். அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், சூரியகாந்தி எண்ணெயில் இருக்கிற அதே சங்கதி. ஆராய்ச்சிக்காரர்கள் துரத்துகிற தைமோகுவினோன் என்ற பொருள் ஆவியாகிற பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதி விதையில் ஒன்றிரண்டு சதவீதம் தேறினால் அதிகம். சூடும் வெளிச்சமும் பட்டால் தைமோகுவினோன் சிதைந்தும் போகும். அண்ணன் வாங்கி வந்தது உள்ளே இருப்பது தெரிகிற தெளிவான பிளாஸ்டிக் குப்பி. மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஓமம் மாதிரி ஒரு நெடி லேசாக வந்தது, பின்னாலேயே சிக்கெடுத்த எண்ணெய் வாடை. லேபிளில் 'சுத்தமானது', 'இயற்கையானது' என்று நான்கு இடத்தில் அச்சடித்திருந்தது. தைமோகுவினோன் எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை.

இனி எலிகள். இந்த எண்ணெய் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் காக்கிறது என்று வந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எலிகளின் மேல் நடந்தவை. அவை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து சில நாட்களில் சர்க்கரை ஏறிவிடும். பிறகு ஒரு கூட்டத்துக்கு எண்ணெய், ஒரு கூட்டத்துக்கு இல்லை. சில வாரம் கழித்து உறுப்புகளை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குடித்த எலியின் சிறுநீரகமும் கல்லீரலும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எனக்கு இது தெரிய வந்தபோது கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் குளுக்கோஸ் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு செல்லுக்குள் நுழைகிற நஞ்சு. அது நுழைகிற வாசல் கணையத்தில் மட்டுமா இருக்கிறது? கல்லீரலிலும் இருக்கிறது, சிறுநீரகத்திலும் இருக்கிறது. கணையத்தில் வரும் ஒரு வகைக் கட்டிக்கு இதே மருந்தை மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். அங்கே டாக்டர்கள் முதலில் பயப்படுவது சிறுநீரகம் கெட்டுப்போகுமே என்றுதான். ஆக அந்த எலியின் சிறுநீரகத்தில் தெரிகிற சேதத்தில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, நஞ்சின் பங்கு எவ்வளவு? எண்ணெய் எதிலிருந்து காப்பாற்றியது? கருஞ்சீரகத்துக்கு ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கும் குணம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேற்று ஊசி போட்ட நஞ்சின் காயத்தை அது ஆற்றுவதையும் 16 வருடமாகச் சர்க்கரைப் பாகில் ஊறிய அண்ணனின் சிறுநீரகத்தை அது மீட்பதையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளத்தான் தயங்குகிறேன். எலிக்கு எண்ணெய் தொடங்குவது பெரும்பாலும் சேதம் தொடங்குகிற சமயத்திலேயே. அண்ணன் தொடங்குவது கசிவு வந்த பிறகு.

சரி, மனிதர்கள் மேல் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதுவும் டெல்லிக்குப் பக்கத்து அலிகரில். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்த 68 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்து, மறு பாதிக்கு அதோடு கருஞ்சீரக எண்ணெய் தினம் 2.5 மில்லி என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியானது. எண்ணெய் எடுத்தவர்களுக்குக் கிரியாட்டினினும் யூரியாவும் சிறுநீர்ப் புரதமும் குறைந்தன என்றார்கள். எண்ணெய்க் கட்சிக்கு இருப்பதில் நல்ல சாட்சி இதுதான். ஆனால் யார் எண்ணெய் குடிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது, போலி எண்ணெய் யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்தோடு முடிந்தும் விட்டது. யாருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போனது என்று சொல்ல மூன்று மாதம் போதாது.

அதில் இன்னொன்றைக் கவனித்தேன். அங்கே வழக்கமான மருந்தை யாருக்கும் நிறுத்தவில்லை, எண்ணெய் கூடுதல்தான். அளவும் அரை டீஸ்பூன். அண்ணன் காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் நிறைய விட்டுக்கொண்டிருந்தார், அதாவது நாளுக்கு 10 மில்லி, நான்கு மடங்கு. "நல்லதுதானே, கூடப் போனால் என்ன?" என்றார். எண்ணெய் எண்ணெய்தான், டீஸ்பூனுக்கு 40 கலோரி. அதைவிட, 2013-இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது: சர்க்கரை உள்ள ஒரு பெண்மணி கருஞ்சீரக மாத்திரையை நாளுக்கு 2, 2.5 கிராம் கணக்கில் ஆறு நாள் எடுத்த பிறகு சிறுநீரகம் திடீரென்று செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரே ஒருவர்தான். அதை வைத்துக் கருஞ்சீரகத்தை விஷம் என்று சொல்ல முடியாது. சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற பொருள் என்பதாலேயே அதற்குக் கேடு செய்யாது என்றும் சொல்ல முடியாது.

எண்ணெய்க்குப் பதில் விதை? சர்க்கரையைப் பொறுத்தவரை விதையின் பக்கம்தான் கொஞ்சம் கனம். 2010-இல் வந்த ஒரு சவூதி ஆய்வில் 94 பேர், மாத்திரைகளோடு சேர்த்து நாளுக்கு 1, 2, 3 கிராம் விதை எடுத்தார்கள். 2 கிராம் எடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற எண், ஒன்றரைப் புள்ளி இறங்கியது. 3 கிராமுக்குப் போனவர்களுக்கு அதைவிட லாபம் எதுவும் இல்லை. ஒன்றரைப் புள்ளி சின்ன விஷயமில்லை, ஆனால் இதிலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் கூட்டம் கிடையாது. 2 கிராம் என்பது ஒரு சிறிய டீஸ்பூனுக்கும் குறைவு. விதை மலிவு, கண்ணால் பார்த்து வாங்கலாம், வாயில் போட்டுக் கடித்தால் புதிதா பழையதா என்று நாக்கே சொல்லிவிடும். எண்ணெயா விதையா என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு விதைக்கு.

பட்டைப் பொடிக்கு வருவோம். 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரை வைத்து வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பட்டைக்கு வந்த புகழ் இன்னும் இறங்கவில்லை. ஆனால் வடக்கே கடைகளில் தால்சீனி என்று பெரும்பாலும் கிடைப்பது காசியா. தடித்த, ஒற்றைச் சுருள், உடைக்கக் கை வலிக்கிற பட்டை. இலங்கைப் பட்டை சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் உண்டு, தொடர்ந்து அதிகம் போனால் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். ஐரோப்பிய வரம்புப்படி 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் கூமரின். சுமார் 2 கிராம் காசியாப் பொடியிலேயே அது வந்துவிடும். பொடியாக அரைத்து விட்டால் எந்தப் பட்டை என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன், என்னாலும் சொல்ல முடியவில்லை.

கிராம்புத் தைலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதில் பெரும்பகுதி யூஜினால். எலி ஆய்வுகளில் இதற்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் சின்னக் குழந்தைகள் இந்தக் குப்பியைக் கவிழ்த்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு ஐ.சி.யு.வுக்குப் போன கதைகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. பல்லில் பஞ்சால் வைக்கிற மருந்து பல்லோடு நிற்கட்டும். அன்றைக்கே அதை எடுத்து, பேரன் கைக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெந்தயம் சாது. நார்ச்சத்தால் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் செய்த பழைய ஆய்வுகளில் கொடுத்தது 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை. நாம் இரவில் ஊறப்போடுகிற ஒரு ஸ்பூன் அதற்குப் பக்கத்தில் நிற்காது. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

இப்போது பிரிக்கப்படாத அந்த அட்டை. உள்ளே இருந்தது டாபாகிளிஃப்ளோசின். அண்ணனுக்கு இதை அவர் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பானை வைத்துத்தான் விளக்கினேன். சிறுநீரகத்தின் வடிகட்டியும் அதில் இருப்பது போல ஒரு மெம்பரேன்தான், மெல்லிய சவ்வு. சர்க்கரை அதிகமானால் உள்ளே வருகிற குழாய் அகலத் திறந்துகொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது, மெம்பரேன் கிழிசல் விடுகிறது, புரதம் கசிகிறது. அவர் ஏற்கெனவே போடுகிற டெல்மிசார்ட்டன் வெளியே போகிற குழாயை அகலமாக்குகிறது. இந்தப் புது மாத்திரை சர்க்கரையையும் உப்பையும் சிறுநீரோடு வெளியே தள்ளுகிறது. உப்பு கூடுதலாகப் போவதை உணர்ந்து சிறுநீரகம் தானே உள்ளே வருகிற குழாயைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறது. இரண்டு பக்கத்திலும் அழுத்தம் இறங்குகிறது. எண்ணெய் செய்வதாகச் சொல்லப்படுவது மெம்பரேனில் துரு ஏறாமல் துடைக்கிற வேலை. அழுத்தம் அப்படியே இருக்கும்போது துடைத்து என்ன ஆகும்?

ஆதாரத்தின் எடையும் வேறு. 2019-இல் இதே இன மருந்தான கானாகிளிஃப்ளோசினைச் சர்க்கரையும் புரதக் கசிவும் உள்ள 4,401 பேருக்குப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். சிறுநீரகம் செயலிழப்பது முதலான பெரிய விளைவுகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினை 4,304 பேரிடம் சோதித்தபோது குறைவு 39 சதவீதம். இவர்களில் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளும் உண்டு. 68 பேர், 12 வாரம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்களுக்குக் கசிவு அண்ணனுடையதைவிட அதிகம். 90-இல் இருப்பவருக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம் மெதுவாகத்தான் தெரியும்.

மாத்திரைக்கும் தொல்லைகள் உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதி, ஆபரேஷன், நீண்ட பட்டினி என்றால் டாக்டரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் அரிதாகக் கீட்டோ அமிலம் ஏறி ஆபத்தாகும். அண்ணன் வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போகிறவர். இதை நான் சொன்னதும் அவர் முகம்தான் முதலில் சுருங்கியது. "அப்போ முருகனுக்கும் மாத்திரைக்கும் ஒத்துவராதா?" முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் ஒத்துவரும் என்றேன்.

பணக் கணக்கு ஆச்சரியமாக இருந்தது. நாளுக்கு 10 மில்லி என்றால் 600 ரூபாய்க் குப்பி 20 நாள். மாதம் 900 ரூபாய். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்துவிட்டது. அதே குடும்பத்து எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. இந்த இன மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது பத்து ரூபாய்ச் சுற்றுக்கு வந்துவிட்டது. மாதம் 300 ரூபாய் என்று வைத்தாலும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு. 'இங்கிலீஷ் மருந்து விலை' என்ற பழைய பயம் இந்த விஷயத்தில் தலைகீழாகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு நாள் காலை பூங்காவில் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்தால் சர்க்கரை 58. வாழைப்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துச் சரியாயிற்று. எண்ணெய் சர்க்கரையை அப்படி இறக்கிவிட்டதோ என்று முதலில் நினைத்தோம். விசாரித்தால், எண்ணெய் விற்றவர் 'வெறும் வயிற்றில் குடித்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள்' என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் வழக்கம்போல் கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு, எண்ணெயைக் குடித்துவிட்டு, பட்டினியாக நடக்கப் போயிருக்கிறார். கிளிமிபிரைடு போட்டவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பது எண்ணெய்க் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கருஞ்சீரகமும் கொஞ்சம் சர்க்கரையை இறக்கும் என்றால், சேர்ந்து இன்னும் மோசம்.

அந்த 58-க்குப் பிறகு என் கணக்குக்கு மரியாதை வந்தது. குப்பியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை. டாபாகிளிஃப்ளோசினைத் தொடங்கிக் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார். "எண்ணெயை மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் ஆல்புமின் ஏறிக் காட்டும், அதனால் ஒரே சோதனையை நம்பாமல் காலை முதல் சிறுநீரில் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். புது மாத்திரையில் முதல் சில வாரம் கிரியாட்டினின் லேசாக ஏறலாம், அழுத்தம் இறங்குவதால் வருவது, பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் அப்போதே சொன்னார். நல்லவேளை. இல்லையென்றால் அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணன் மறுபடி காரி பாவ்லிக்கு வண்டி ஏறியிருப்பார்.

"சரி, விதையாவது?" என்று வாசலில் நின்று ஒரு பேரம் பேசினார். ரொட்டி மாவிலும் ஊறுகாயிலும் போடுகிற அளவுக்குத் தடையில்லை என்றார் டாக்டர். மறுநாளே அண்ணி மட்ரி என்கிற மொறுமொறுப் பலகார மாவில் கலோஞ்சியைத் தாராளமாகத் தூவிவிட்டார். மட்ரி எண்ணெயில் பொரிப்பது என்று ஞாபகப்படுத்தினேன், இருவருக்கும் காதில் விழவில்லை. குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம். அதை இப்போது அண்ணி ராத்திரியில் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்கிறார். காலண்டரில் அடுத்த சிறுநீர்ச் சோதனைத் தேதியை அண்ணனே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், சஷ்டிக்கு இரண்டு வாரம் முன்னால்.